மழைக்கோட்டையில் தாட்ட வாள்

போன கிழமை எங்கள் கந்தோருக்குப் புதிதாக ஒரு போட்டோக்கொப்பி மெசின் வந்தது. பெட்டியிலிருந்து இறக்கி, மின்சாரம் கொடுத்து, அது ஒருமாதிரிச் செருமிக்கொண்டு முதல் தாளை வெளியே தள்ளியபோது நான் அந்தத் தாளை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். சூடான தாளும் மையும் கலந்த மணம். பக்கத்து மேசைக்காரி, "என்னப்பா, தாளைக் கொஞ்சிறியள்?" என்று கேட்டுச் சிரித்தாள். வவுனியாவில் இத்தனை வருசமாக மரியாதையாக வேலை செய்கிறவள் நான். அன்றைக்கு அந்த மரியாதை கொஞ்சம் கழன்றுதான் போனது. என்ன செய்வது, அந்த மணத்துக்குள்தான் தண்ணீரூற்று என்கிற ஊரில் நான் முதலில் வேலை செய்த கடை இருக்கிறது. கடைக்குள் றெஜினா அக்கா இருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு கொம்பியூட்டர், அதற்குள் விடாமல் மழை பெய்துகொண்டிருக்கிறது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கதவு, இரண்டு மேசை, சில கதிரைகள், பாஸ்போட் படம் எடுக்கச் சுவரில் ஒரு நீலத்துணி. யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. கூரைத் தகரங்கள் எல்லாம் புதிது. ஆட்களின் கையிலிருந்த பத்திரங்கள் மட்டும் பழசு, நனைந்தது, பாதி கிழிந்தது. ஒரு மனுசன் தான் இன்னார்தான் என்று காட்டவே நாலைந்து கொப்பியோடு திரியவேண்டியிருந்தது. ஆகவே எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

எனக்கு அது முதல் வேலை. வாய்க்கால் வெட்டிக் காணி கொடுத்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் வந்து நெல் விதைக்கத் தொடங்கிய குடும்பம் எங்களுடையது. காலையில் பஸ்சில் வருவேன், பின்னேரம் பஸ்சில் போவேன், பஸ் வராவிட்டால் றோட்டில் நின்று அழுவேன். அந்த வயதில் எனக்கு அழுகை அப்படிச் சுலபமாக வரும்.

றெஜினா அக்கா அழ மாட்டார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், கரையோரத்து வேதக்காரக் குடும்பம், தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். கடையில் ரைப் அடிப்பது அவருடைய வேலை, மற்றதெல்லாம் என்னுடையது. பிரிண்டரைப் போடுவதற்கு முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். நான் சிரித்தால், "சிரி, சிரி. தாள் இறுகினால் நீதான் கழட்டுறாய்" என்பார். சிலுவை போட்டும் இறுகும். நான்தான் கழட்டுவேன்.

அவரைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு வரப்போவது விளங்காது. அவர் தொடங்கிய எதுவும் முடிந்ததில்லை. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார், இடம்பெயர்ந்தார். தையல் வகுப்புக்குப் போனார், சட்டைக் கை வெட்டப் பழகுவதற்கிடையில் திரும்பவும் இடம்பெயர்ந்தார். அப்போது கட்டிக்கொண்டிருந்த வீடுகூட யன்னல் மட்டத்தோடு நின்றது. "என்ர வாழ்க்கையே அரைச்சுவர்தான் பிள்ளை" என்பார். வாய் சிரிக்கும், கண் சிரிக்காது.

எங்கள் முதலாளி கிளிநொச்சியில் இருந்தார். அங்கே அவருக்கு இன்னொரு கடை. சனிக்கிழமைகளில் வந்து போவார். கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதற்கென்று நல்ல விலையில் ஒரு கொம்பியூட்டர் வாங்கித் தண்ணீரூற்றுக் கடையில் வைத்தார். கலியாணங்கள் வந்தன, வீடியோ வெட்டத் தெரிந்த ஆள்தான் வரவில்லை. மெசின் சும்மா கிடந்தது. ஒருநாள் ஒரு கமராக்காரர் கொண்டுவந்த டிஸ்க்கில், யாரோ ஒரு பொம்பிளை மாப்பிள்ளையின் படங்களுக்குக் கீழே, அந்த மழை பெய்கிற கொம்பியூட்டர் விளையாட்டு இருந்தது. கேட்டோம். "எடுங்கோ, எனக்கு உது சரிவரேல்லை" என்றார். எங்களுக்கும் சரிவராது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அதன் உண்மையான பெயரை விடுவோம். நாங்கள் வைத்த பெயர் மழைக்கோட்டை. ஒரு ஆளை எடுத்து, அவளை நடத்தி, வாள் பிடிக்கப் பழக்கி, ஊர் ஊராகப் போய் அடிபட்டு வளர்த்து, கடைசியில் ஒரு கோட்டைக்குள் இருக்கிற கொம்பு வைத்த அரக்கனை விழுத்தவேண்டும். அவ்வளவுதான் கதை. மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வெயிலுக்குப் பயந்து ஒரு சனமும் கடைக்கு வராது. அந்த நேரம்தான் எங்கள் நேரம். முதலாளிக்கும் தெரியும். "மெசின் சூடாகாமல் பாத்துக்கொள்ளுங்கோ பிள்ளையள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த விளையாட்டைப் போல ஒரு குறைப்பிரசவத்தை நான் பிறகு கண்டதில்லை. பெண்ணைத் தெரிவு செய்தோம். அடி விழும்போது அவள் தடித்த ஆம்பிளைக் குரலில் முனகினாள். குதிரை ஒன்று கொடுத்தார்கள். அது ஆற்றின் மேல் நடக்கும், கணுக்கால் தண்ணீரைக் கண்டால் மறுக்கும். பாலம் உடைந்துவிட்டது என்று ஊர்ச்சனம் எல்லாம் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். பாலத்தை நாங்கள் திருத்திக் கொடுத்த பிறகும், அந்தப் பாலத்தில் நின்றுகொண்டே, பாலம் உடைந்துவிட்டது என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் வாளை வீச, இந்தப் பக்கம் எங்களுக்குக் காயம் வரும். நான் கீபோர்ட்டைத் தூக்கி அடிக்கப் போன நாட்கள் உண்டு.

ஆனால் அந்த மழை! வயல் வீட்டில் பிறந்தவள் நான், மழையில் என்னை ஏமாற்ற முடியாது. முதலில் காற்று திரும்பும், பிறகு தூரத்து மரங்கள் மங்கும், பிறகுதான் துளி விழும். விழுந்த தண்ணீர் பள்ளம் தேடி ஓடி, வழியில் சருகை அள்ளிக்கொண்டு போகும். யாரோ ஒருவன் உண்மையாகவே மழைக்குள் நின்று பார்த்துவிட்டுச் செய்திருக்கிறான். வெளியே தார் உருகுகிற வெயிலில், மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு, அந்த மழையைப் பார்ப்பதற்காகவே நான் அந்த விளையாட்டை மன்னித்தேன். றெஜினா அக்கா லேசில் மன்னிக்கிற ஆளில்லை. முதன்முதலாக அதில் கடல் வந்தபோது கிட்டப்போய் நின்று பார்த்தார்.

"உது கடல் இல்லை" என்றார்.

"ஏன் அக்கா?"

"அலை வருகுது, திரும்பிப் போகேல்லை பார். வந்த தண்ணி எல்லாம் எங்க போகுது?"

அதற்குப் பிறகு நானும் பார்த்தேன். உண்மைதான், அலை வந்துகொண்டேயிருந்தது.

எல்லாவற்றையும்விட மோசம் அதிலிருந்த பை. கண்டதை எல்லாம் எடுத்துப் பைக்குள் போடலாம், ஆனால் பாரம் கூடினால் ஆள் ஓட மாட்டாள், கால் இழுத்து இழுத்து நடப்பாள். வேண்டாததை எறிந்துவிட்டு ஓடவேண்டும் என்பதுதான் செய்தவர்களின் எண்ணம். எறிவதா? எங்களிடமா? கயிறு, மெழுகுதிரி, ஓட்டைச் சட்டி, ஒற்றைச் சப்பாத்து எல்லாவற்றையும் அக்கா எடுத்தார். "தேவைப்படும்" என்றார். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. தறப்பாளும் கயிறும் இல்லாமல் மழைக்குள் நின்ற ஆட்கள் நாங்கள் இருவரும். அந்த நாடு முழுவதையும் நாங்கள் நடையிலேயே கடந்தோம். வேறு ஆட்கள் ஒரு மாதத்தில் ஓடி முடிக்கிற விளையாட்டு எங்களுக்கு ஆவணி தொடங்கி மாசி கடந்தும் இழுத்தது.

இழுக்க இழுக்க அக்காவுக்குப் பிடிவாதம் ஏறியது. தொடக்கத்தில் மாறி மாறி விளையாடினோம். பிறகு மவுஸ் அவர் கையோடு ஒட்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை முதலாளி வந்து, கிளிநொச்சியில் வீடியோ வெட்டத் தெரிந்த ஒரு ஆள் சேர்ந்திருப்பதாகவும், வருசப்பிறப்புக்கு முன் இந்த மெசினை அங்கே கொண்டுபோகப் போவதாகவும் சொன்னார். அவர் போனபின் அக்கா என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் இதை முடிக்கோணும்."

"விளையாட்டுத்தானே அக்கா."

"விளையாட்டுத்தான். எண்டாலும் தொடங்கின ஒண்டு என்ர கையால முடிஞ்சுதெண்டு எனக்குத் தெரியோணும்."

அந்தக் குரலுக்குப் பிறகு நான் பகிடி விடவில்லை. அடுத்த நாள்களில் மத்தியானச் சாப்பாட்டைப் பத்து மணிக்கே சாப்பிடத் தொடங்கினோம்.

கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அப்போது அக்காவின் பையில் அந்த நாட்டின் பாதி இருந்தது. அதோடு, ஊர் ஊராக இரும்பு சேர்த்து அடித்த ஒரு நீல வாளும், நல்ல கவசமும், ஒரு கேடயமும் இருந்தன. உள்ளே போய்ச் செத்தால் கையிலிருப்பது பாதி துலையும் என்பது தெரியும். அக்கா யோசித்தார். வாசலுக்கு வெளியே ஒரு உடைந்த வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். மரத்தடிக்குப் போய், பையிலிருந்ததை ஒவ்வொன்றாக நிலத்தில் வைக்கத் தொடங்கினார்.

எங்கள் ஊர்களில் இடம்பெயர்கிற விதம் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெளிக்கிடவேண்டிய நேரம் வந்தால் தூக்கக்கூடியதைத் தூக்குவோம், தூக்க ஏலாத நல்ல சாமானைத் தாட்டுவோம். கிணற்றடியிலோ மாட்டுக்கொட்டிலிலோ கிடங்கு வெட்டி, பொலித்தீனால் சுற்றி இறக்கி, மண் மூடி, சருகு பரப்பிவிட்டுப் போவோம். எங்கள் வீட்டில் பித்தளைக் குடங்களும் தையல் மெசினும் தாட்டோம். திரும்பி வந்தபோது குடங்கள் இருந்தன, தையல் மெசின் இல்லை. றெஜினா அக்கா வீட்டில் வள்ளத்து எஞ்சினைத் தாட்டார்கள். வந்து பார்த்தால் அடையாளத்துக்கு வைத்த பனையே இல்லை. தகப்பன் வளவு முழுக்கக் கிண்டிக் கடைசியில் எடுத்துவிட்டார். துடைத்து எண்ணெய் விட, எஞ்சின் ஓடியது. அந்த எஞ்சினில்தான் அந்தக் குடும்பம் திரும்பக் கடலுக்குப் போனது.

"வாளையுமா அக்கா வைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"முதல் வெறுங்கையோட போய் இடம் பாத்திட்டு வருவம். பிறகு வந்து எடுப்பம்."

"இருக்குமோ?"

"தூக்கிக்கொண்டு ஓடினதெல்லாம் வழியில போச்சுது பிள்ளை. தாட்டதுதான் எங்களுக்கு மிஞ்சினது."

கவசத்தையும் கழற்றி வைத்தார். கையில் மிஞ்சியது தொடக்கத்தில் தருகிற சின்னக் கத்தி மட்டும். மீன் வெட்டவும் காணாது. அதை நிலத்தில் வைக்க விளையாட்டு விடவில்லை, இல்லாவிட்டால் அதையும் வைத்திருப்பார். வாசலைத் தாண்டினோம். திரை இருண்டு வெளித்தது. உள்ளே சுற்றிப் பார்த்தோம்: ஒரு பெரிய மண்டபம், இரண்டு வரிசைத் தூண்கள், தூரத்தில் முதுகைக் காட்டி நிற்கிற அரக்கன். "கொம்பன்" என்று நான் பெயர் வைத்தேன், எங்கள் வயலுக்கு வருகிற யானையை அப்பா அப்படித்தான் சொல்வார். சத்தம் போடாமல் திரும்பி வெளியே வந்து மரத்தடிக்குப் போனோம்.

ஒன்றுமில்லை. மரம் நின்றது, மழை பெய்தது. நிலம் துடைத்து வைத்தாற்போல இருந்தது.

"இந்த மரம் இல்லையோ?" என்றார் அக்கா.

இந்த மரம்தான். ஆனாலும் பக்கத்து மரத்துக்குப் போனார், அதற்கடுத்த மரத்துக்குப் போனார், உடைந்த வீட்டைச் சுற்றினார். நான் நினைத்தது எங்கள் வீட்டுத் தையல் மெசினை. நாங்கள் பிறகு அறிந்துகொண்ட குறை இதுதான்: ஒரு பகுதியைவிட்டு வாசல் தாண்டினால், அங்கே நிலத்தில் வைத்ததை எல்லாம் அந்த விளையாட்டு அழித்துவிடும். அதுவரை நாங்கள் ஒரு மெழுகுதிரியைக்கூட நிலத்தில் வைத்ததில்லையே, எப்படித் தெரியும்? பழைய இடத்திலிருந்து திரும்பத் தொடங்கலாம்தானே என்று விளையாடத் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். ஏலாது. வாசலைத் தாண்டும்போதெல்லாம் அது தானே பதிந்துகொள்ளும், பழையதின் மேலேயே.

நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். "விடுங்கோ அக்கா. அவங்கள் செய்தது பிழை, உங்களில பிழை இல்லை."

"யாரில பிழையெண்டால் என்ன? மெசின் இன்னும் இஞ்சதானே நிக்குது."

அந்தக் கத்தியோடு உள்ளே போனார். கொம்பன் ஒரே அடியில் விழுத்தினான். திரும்பப் போனார், திரும்ப விழுந்தார். நாள் நாளாக இதே கதை. என் கண்ணுக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்று பிடிபட்டது. வலப்பக்கத்துக் கடைசித் தூணைச் சுற்றி அவன் வேகமாகத் திரும்பினால், கால் தூணுக்குள் போய் இறுகிவிடுகிறது. கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்று கையை மட்டும் வீசுகிறான். அங்கே கீழே கல் கிடந்தது. எடுத்து எறியலாம். ஒரு கல்லுக்கு நகக்கீறல் அளவு காயம்.

"ஆனால் அது களவு விளையாட்டு அக்கா" என்றேன், பெரிய நீதவான் மாதிரி.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ர வாளைத் திண்டதும் அவங்கட பிழைதானே? அவங்கட பிழை ஒருக்கா என்ர பக்கமும் நிக்கட்டும்."

மெசினை ஏற்ற முதலாளி மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று மத்தியானம் அக்கா கொம்பனைத் தூணுக்குக் கொண்டுபோனார். கால் இறுகியது. எறியத் தொடங்கினார். அந்தச் சண்டையை இடையில் நிறுத்தி வைக்க ஏலாது, அதுவும் ஒரு குறை. மூன்று மணியாகியும் பாதிதான் ஆகியிருந்தது, சனம் வரத் தொடங்கிவிட்டது. நான் கொப்பி அடித்தேன், போனுக்கு ரீலோட் போட்டேன், ரைப் அடிக்க வந்தவர்களை இருக்கச் சொன்னேன். அடையாள அட்டைக் கொப்பிக்கு வந்த ஒரு ஐயா அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"உது என்ன, ஆனையோ ஆளோ?"

"ரெண்டும்தான் ஐயா" என்றேன்.

"கல்லாலயோ எறியுது பிள்ளை?"

"வேற ஒண்டும் கையில இல்லை ஐயா. வைச்சதெல்லாம் துலைஞ்சுது."

"அப்ப எறியட்டும்" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் படிவத்தோடு வந்த ஒரு அம்மா, தான் எதற்கு வந்தேன் என்பதையே மறந்து, "இடக்கையைப் பாத்துக்கொள்ளும், இடக்கை" என்று அக்காவுக்குப் புத்தி சொன்னார். கரண்ட் போய்விடக்கூடாது என்று நான் எங்கள் வைரவரை நேர்ந்தேன். அக்கா ஒருவரோடும் கதைக்கவில்லை. தோளும் மணிக்கட்டும் மட்டும் அசைந்தன. ஒருமுறை கொம்பன் தூணிலிருந்து கழன்றான். கடை முழுக்க "ஐயோ" என்றது. அக்கா அவனைச் சுற்றி ஓடினார். ஆம், ஓடினார், பாரம் இல்லாததால் அந்தப் பெண் முதன்முறையாக ஓடினாள். திரும்பவும் அதே தூணுக்குள் கொண்டுபோய் இறுக்கினார்.

பின்னேர வகுப்பு விட்டுப் பிள்ளைகள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்த பிறகு கொம்பன் முழங்காலில் விழுந்தான். பிறகு முகம் குப்புற. ஐயா கைதட்டினார். திரை வெள்ளையாகி, பிறகு கறுப்பாகி, கறுப்பாகவே நின்றது. கமராக்காரர் தந்த கொப்பியில் முடிவுப் படம் இருக்கவில்லை போல. கொஞ்ச நேரத்தில் விளையாட்டே மூடிக்கொண்டது. மெசினில் வழமையான நீலத்திரை.

"இவ்வளவுதானோ?" என்றார் அக்கா.

"இவ்வளவுதான் போல."

"ஆனால் முடிஞ்சுதுதானே?"

"ஓம் அக்கா. முடிஞ்சுது."

எழும்பி, பின்னால் போய், முகம் கழுவிக்கொண்டு வந்து, அந்த அம்மாவின் படிவத்தை வாங்கி ரைப் அடிக்கத் தொடங்கினார். இடையில் நான் எட்டிப் பார்த்தேன். கண் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அதற்குப் பிறகு விட்ட பரீட்சையை எடுத்தாரா, வீட்டைக் கட்டி முடித்தாரா என்று கேட்பீர்கள். பரீட்சை எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடு வந்தது எனக்குத் தெரியும், கதவு வந்ததா தெரியாது. கலியாணம் முடித்து நாயாற்றுப் பக்கம் போய்விட்டார். மெசினுக்குள் இருந்ததை எல்லாம் கிளிநொச்சியில் துடைத்து அழித்து, அதை வீடியோ வேலைக்கு எடுத்தார்கள். கடையும் இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி போட்ட வேறு ஒரு கடை, உள்ளே போன் விற்கிறார்கள். கொப்பி அடிக்க யாரும் வருவதில்லை, எல்லாம் போனிலேயே போகிறது.

கந்தோரில் தாளை மணந்துவிட்டு வந்த அன்று பின்னேரம் அந்த விளையாட்டைத் தேடிப் பார்த்தேன். குறைகள் நீக்கித் திரும்ப விட்டிருக்கிறார்கள். நாயாற்றுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, மழைக்கோட்டையைத் திருத்தி விட்டிருக்கிறாங்கள். நிலத்தில வைச்சது இனி அழியாதாம்."

"அப்படியே? கொம்பன்?"

"அவனையும் திருத்திட்டாங்கள். கால் இனித் தூணுக்குள்ள போகாதாம்."

பின்னால் யாரோ மீன் கழுவி ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் முடிச்சது எங்க இருக்கு பிள்ளை?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய பிள்ளைகளில் ஒன்று கூப்பிட்டது, "சரி, பிறகு எடு" என்று வைத்துவிட்டார்.

அந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிற ஆட்களுக்கென்று வலையில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே போய் வாசித்தேன். பழைய பதிப்பில், தொடக்கத்தில் தருகிற கத்தியோடு மட்டும் அந்த அரக்கனை விழுத்துவது நடக்காத காரியம் என்று ஒருவர் எழுத, எல்லாரும் ஆமோதித்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. புதிதாக ஒரு கணக்குத் திறந்து, எங்கள் ஊரில் ஒருவர் விழுத்தினார் என்று எழுதினேன். சிரிப்புப் படங்கள் வந்தன. ஆதாரம் காட்டு என்றார் ஒருவர். பதிவு எங்கே, படம் எங்கே, எந்த மெசின், எந்தக் கடை என்று கேட்டார்கள். ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஆதாரம் ஒன்றும் இல்லை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன் என்று எழுதினேன். நம்பவில்லை. நேற்றும் எழுதினேன்.